ஹோம்லேண்டருக்கு ஏன் கைதட்டுகிறார்கள்?

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து பேசுகிறேன். இன்றைக்கு ‘தி பாய்ஸ்’ தொடர். சூப்பர் ஹீரோக்களை ஒரு கம்பெனி உருவாக்கி விற்கிற கதை. அவர்களின் தலைவன்தான் ஹோம்லேண்டர், வெளியே நாயகன், உள்ளே கொடூரன். கதைச் சுருக்கம் சொல்லப்போவதில்லை. அதைப் பார்த்தவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் விஷயம். முதல் நான்கு சீசன்களின் திருப்பங்கள் நிறைய வரும். இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, பார்த்து முடித்த அப்புறம் வாருங்கள்.

[திரையில்: நகரத் தெரு, கொடிகளோடு கூட்டம்]

மூன்றாவது சீசனின் முடிவுக்கு நேராகப் போய்விடலாம். ஹோம்லேண்டர் தன் மகன் ரயனைத் தன் ஆதரவாளர்கள் கூடியிருக்கிற இடத்துக்கு அழைத்து வருகிறான். எதிர்ப்பாளர் ஒருவர் கோபத்தில் பையன் மேல் எதையோ விட்டெறிகிறார். ஹோம்லேண்டரின் கண் சிவந்து லேசர் பாய்கிறது. அவ்வளவுதான், அந்த ஆளுக்குத் தலை இல்லை. கூட்டம் வாயடைத்து நிற்கிறது. ஹோம்லேண்டர் முகத்திலேயே ‘ஐயோ, எல்லோரும் பார்த்துவிட்டார்களே’ என்ற திகைப்பு ஓடுகிறது. அப்போது டாட் என்கிற சாதாரணக் குடும்பஸ்தர் ஒருவர் உற்சாகமாகக் கத்துகிறார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவர் கத்துகிறார். கொஞ்ச நேரத்தில் மொத்தக் கூட்டமும் ஆர்ப்பரிக்கிறது. பையன் புன்னகைக்கிறான்.

அந்தக் காட்சி வந்தபோது இரண்டு விதமான ஆட்கள் இருந்தார்கள். ஒரு பக்கம், ‘கைதட்டுகிறார்களே, பாவிகள்’ என்று பதறியவர்கள். இன்னொரு பக்கம், அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து கைதட்டியவர்கள். ஹோம்லேண்டர் சிரிக்கிற ஒவ்வொரு துண்டையும் வெட்டி, பின்னால் அதிரடி இசை போட்டு, ‘ஆம்பளைன்னா இவன்தான்’ என்கிற தொனியில் சுற்றவிட்டார்கள். எங்கள் அக்கா மகனுக்கு வயது பதினாறு. அவன் போனில் அப்படி எத்தனையோ இருக்கின்றன. தொடரை ஒரு எபிசோடுகூட முழுசாகப் பார்த்ததில்லை. ஹோம்லேண்டரை மட்டும் நன்றாகத் தெரியும்.

இதை வைத்து ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புத்தி கெட்டுப்போச்சு’ என்று சொல்லிவிடுவது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. 2022 ஜூன் 3ஆம் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘தி பாய்ஸ்’ மூன்றாவது சீசன் பிரைம் வீடியோவில் தொடங்கிய நாள் அது. அதே நாளில்தான் கமலின் ‘விக்ரம்’ படமும் வெளியானது. படத்தின் கடைசியில் சூர்யா ரோலக்ஸாக வந்து, தன் ஆட்கள் முன்னால் ஒருவனை வெட்டிச் சாய்க்கிறார். தியேட்டரில் விசில் பறந்தது. நம்பியாரைத் திரையில் பார்த்து மண்ணை வாரித் தூற்றிய பாட்டிகளின் பேரப்பிள்ளைகள்தான் நாம். அவர்களைவிட நாம் கொடியவர்களாக மாறிவிடவில்லை. நம்பியார் கையைப் பிசைந்துகொண்டு வரும்போதே, இவரை வெறுக்க வேண்டும் என்று படம் சொல்லிவிடும். ரோலக்ஸ் வரும்போது கேமரா கீழேயிருந்து பார்க்கிறது, இசை ஏறுகிறது, முகத்தைக் காட்டாமல் காக்க வைக்கிறார்கள். அது கதாநாயகன் வருகிற முறை. அப்படி யார் வந்தாலும் கைதட்டி நமக்குப் பழகிவிட்டது.

ஹோம்லேண்டருக்கும் அந்த முறை முழுக்கக் கிடைக்கிறது. நீல உடை, தோளில் கழுகு, முதுகில் கொடியே அங்கியாகத் தொங்குகிறது. ஆண்டனி ஸ்டார் அந்தப் பாத்திரத்தை அவ்வளவு நன்றாக நடிக்கிறார். உதடு சிரிக்கும், கண் சிரிக்காது. முழுத் தொடரையும் பார்ப்பவருக்கு அந்தக் கண் தெரியும். பத்து நொடித் துண்டைப் பார்ப்பவருக்கு அங்கிதான் தெரியும்.

[திரையில்: கடற்கரை, உடைந்த விமானப் பாகங்கள்]

என்னைக் கேட்டால், இந்தத் தொடரைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு எபிசோடு போதும்: முதல் சீசனின் நான்காவது. விமானத்தைக் கடத்தியிருக்கிறார்கள். ஹோம்லேண்டரும் அவனுடைய சக சூப்பர் ஹீரோ மேவும் உள்ளே போகிறார்கள். கடத்தல்காரனைக் கொல்லும்போது ஹோம்லேண்டரின் லேசர், விமானத்தை ஓட்டுகிற கருவிகளையும் பொசுக்கிவிடுகிறது. இனி விமானம் விழும். ‘குழந்தைகளையாவது தூக்கிக்கொண்டு போகலாம்’ என்று மேவ் கெஞ்சுகிறாள். அவன் மறுக்கிறான், ஏனென்றால் உயிரோடு வருகிற ஒருவர் நடந்ததைச் சொல்லிவிடுவார். நெருங்கி வருகிற பயணிகளை, பின்னால் போகாவிட்டால் எரித்துவிடுவேன் என்று மிரட்டுகிறான். எல்லோரும் சாகிறார்கள். அப்புறம் கரை ஒதுங்கிய சிதைவுகளுக்கு நடுவே நின்று, கேமராக்களைப் பார்த்துக் கலங்கிய குரலில் பேசுகிறான்: எங்களுக்கு முன்னாலேயே தகவல் வந்திருந்தால் காப்பாற்றியிருப்போம், ராணுவத்தில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுற்றி நிற்பவர்கள் நெகிழ்ந்துபோகிறார்கள்.

இந்தக் காட்சியை எங்கள் வீட்டில் பெரியப்பாவும் பார்த்தார். எழுபது தாண்டியவர், மேகசின் பேரக்ஸில் பிறந்தவர். டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர்களுக்கான குடியிருப்பு அது, பெரும்பாலும் தமிழர்கள். 1960களில் அங்கிருந்தவர்களைக் கிளப்பி இந்தச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்டார்கள். ரத்தக் காட்சிகளில் முகம் சுளித்துக்கொண்டிருந்தவர், அந்தக் கடற்கரைப் பேச்சு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இவன் பேசுறது அந்தக் காலத்து எஸ்.ஏ.பி.சி. நியூஸ் மாதிரியே இருக்கு” என்றார். எஸ்.ஏ.பி.சி. என்பது இங்குள்ள அரசு ஒளிபரப்பு நிறுவனம்.

அவர் சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவுக்குத் தொலைக்காட்சி வந்தது 1976 ஜனவரி 5ஆம் தேதிதான். பணம் இல்லாமல் அல்ல. ஆல்பர்ட் ஹெர்ட்சாக் போன்ற அமைச்சர்கள், வெளியுலகம் வீட்டுக்குள் வந்துவிடும் என்று பயந்து பல வருஷம் தடுத்து வைத்திருந்தார்கள். வந்தபோது அரசின் கையில் வந்தது. அதே வருஷம் ஜூன் 16, ஜோகன்னஸ்பர்க் பக்கத்துக் கறுப்பினக் குடியிருப்பான சோவெட்டோவில் பள்ளிகளில் ஆப்பிரிக்கான்ஸ் மொழித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகளைப் போலீஸ் சுட்டது. தெருவில் நடந்தது ஒன்று, பெட்டியில் சொன்னது ஒன்று. பெரியப்பா தலைமுறை தொலைக்காட்சி பார்க்கக் கற்றுக்கொண்டதே அந்த வருஷத்தில்தான்.

[திரையில்: பழைய காமிக்ஸ் அட்டை ஒன்றின் கோட்டோவியம்]

இன்னொன்றும் உண்டு, இது நிறையப் பேருக்குத் தெரியாது. 1970களின் நடுவில் ‘மைட்டி மேன்’ என்று ஒரு காமிக்ஸ் இங்கே வந்தது. கறுப்பின நாயகன், போலீஸ்காரன், அமானுஷ்ய சக்தி கிடைத்துத் தன் டவுன்ஷிப்பில், அதாவது கறுப்பினத்தவரை ஒதுக்கிவைத்த குடியிருப்பில், குற்றவாளிகளைப் பிடிக்கிறான். நல்ல கதைதானே என்று தோன்றும். அதற்குப் பணம் கொடுத்தது நிறவெறி அரசு, ரகசியமாக. சட்டத்துக்கு அடங்கி நட என்று கறுப்பின இளைஞர்களுக்குச் சொல்லத்தான் அந்த நாயகன். நடமாடுவதற்கே பாஸ் புத்தகம் கேட்ட சட்டம் அது. சோவெட்டோ எழுச்சியில், அந்தக் காமிக்ஸ் விற்ற கடைகளுக்கும் மக்கள் தீ வைத்தார்கள்.

தொடரில் வாட் என்கிற கம்பெனி செய்வதும் இதைத்தான். குழந்தைகளுக்கு மருந்து ஏற்றி சூப்பர் ஹீரோக்களாக்குகிறது, படம் எடுக்கிறது, செய்திச் சேனல் நடத்துகிறது, கொலையை மறைக்கிறது. அமெரிக்கப் பார்வையாளர்கள் பலர் ‘மிகைப்படுத்துகிறார்கள்’ என்று சொன்ன இந்த இடம் எங்கள் பெரியவர்களுக்கு மிகையாகவே படவில்லை. டர்பனில் உட்கார்ந்து இந்தத் தொடரைப் பார்ப்பதில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

மற்றப் புகார்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 2020 செப்டம்பரில் இரண்டாவது சீசனை மொத்தமாகத் தராமல் முதலில் மூன்று எபிசோடு, அப்புறம் வாரம் ஒன்று என்று தந்தார்கள். ஆத்திரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். அது தங்கள் முடிவு, அமேசானுடையது இல்லை என்று தொடரை உருவாக்கிய எரிக் கிரிப்கி விளக்க வேண்டிவந்தது. ரத்தம் அதிகம் என்கிற புகார் நியாயம்தான். சில இடங்களில் அதிர்ச்சிக்காகவே அதிர்ச்சி, அந்தக் காட்சிகள் எனக்கும் பிடிக்கவில்லை.

‘திடீரென்று அரசியல் பேச ஆரம்பித்துவிட்டார்கள்’ என்ற கோபத்தை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. இரண்டாவது சீசனில் வந்த ஸ்டார்ம்ஃப்ரண்ட் என்கிற சூப்பர் ஹீரோ அசல் நாஜி. விமானக் காட்சி முதல் சீசனிலேயே இருக்கிறது. ஹோம்லேண்டருக்கு டிரம்ப்தான் சாயல் என்று கிரிப்கி வெளிப்படையாகவே பேட்டி கொடுத்திருக்கிறார். டாட் கத்தியபோது, சோபாவில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தவருக்குத் தன் முகமே திரையில் தெரிந்தது. இவ்வளவு நாள் உறுத்தாத அரசியல் அந்த இடத்தில்தான் உறுத்த ஆரம்பித்தது என்பது என் எண்ணம்.

அக்கா மகனுக்குப் போன வாரம் அந்தக் கடற்கரைப் பேச்சை மட்டும் போட்டுக் காட்டினேன். விமானத்துக்குள் நடந்ததை முதலில் சொல்லவில்லை. “செமயா பேசுறான்ல” என்றான். அப்புறம் நடந்ததைச் சொன்னேன். போனை வாங்கி மறுபடி ஓடவிட்டு, பக்கத்தில் நிற்கிற மேவின் முகத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். தொடர் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது, முழுவதையும் அவனுக்குக் காட்ட மாட்டேன். அந்தத் துண்டு வீடியோக்கள் எப்படியும் அவன் கைக்கு வந்து சேர்கின்றன. அதனால் இந்த ஒரு காட்சியை மட்டும் நானே காட்டிவிட்டேன்.

உங்கள் வீட்டில் 1976இல் முதல்முதலாகத் தொலைக்காட்சி பார்த்த தாத்தா, பாட்டி, பெரியப்பா யாராவது இருந்தால், அந்த வருஷம் செய்தியில் என்ன சொன்னார்கள், தெருவில் என்ன கேள்விப்பட்டார்கள் என்று கேளுங்கள். ‘மைட்டி மேன்’ புத்தகத்தை யாராவது கையில் வைத்துப் படித்திருந்தால் அதையும் எழுதுங்கள். தமிழிலோ இங்கிலீஷிலோ எழுதலாம். அடுத்த வீடியோவில் படிக்கிறேன்.