நெஃபர்தாரி கல்லறையில் பூத்த உப்பு

அனைவருக்கும் வணக்கம். எகிப்துக் கல்லறை என்றதும் உங்களில் பாதிப் பேருக்குத் துட்டன்காமூனின் தங்க முகமூடி நினைவுக்கு வந்திருக்கும். இன்றைக்கு அந்தப் பக்கம் போகப்போவதில்லை. நான் பேச வந்தது ஒரு சுவர்ப்பூச்சைப் பற்றி.

லக்சர் நகருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில் அரசியர் பள்ளத்தாக்கு இருக்கிறது. 1904இல் எர்னெஸ்தோ ஸ்கியாப்பரெல்லி என்ற இத்தாலியர் அங்கே தோண்டியபோது, இரண்டாம் ராம்செஸின் பட்டத்தரசி நெஃபர்தாரியின் கல்லறை வெளிப்பட்டது. திருடர்கள் பழங்காலத்திலேயே அதை வழித்துத் துடைத்துவிட்டிருந்தார்கள். மிஞ்சியவற்றில் ஒரு ஜோடி செருப்பும் மம்மியின் முழங்கால் துண்டுகளும் உண்டு. இரண்டும் இப்போது இத்தாலியின் டூரின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

திருடர்களால் தூக்கிப்போக முடியாதது சுவர். சுமார் 520 சதுர மீட்டர் ஓவியம்! கருநீலக் கூரை முழுக்க மஞ்சள் நட்சத்திரங்கள். ஓரிடத்தில் அரசி தனியாக உட்கார்ந்து செனெட் என்ற பலகை விளையாட்டை ஆடுகிறாள். எதிரே ஆள் இல்லை. மெல்லிய வெள்ளை உடைக்குள்ளே கையின் நிறம் தெரிகிறது.

சரி, சிக்கல் எங்கே? அங்குள்ள சுண்ணாம்புப் பாறை தரமானது அல்ல, விரிசல் நிறைந்தது. அதனால் கைவினைஞர்கள் கனமாகச் சாந்து பூசி, அதன் மேல் வரைந்தார்கள். பாறையிலும் சாந்திலும் உப்பு இருந்தது. நாம் சமையலில் போடும் அதே உப்புதான். ஈரம் பட்டால் கரையும், காய்ந்தால் மறுபடி படிகமாகும். பழைய வீட்டுச் சுவரில் உப்புப் பூத்து, காரை பொருக்குப் பொருக்காக உதிர்வதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். இங்கே படிகம் சாந்துக்குப் பின்னால் வளர்ந்து ஓவியத்தையே முன்னால் தள்ளியது. ஈரத்துக்கு நாமும் உடந்தை: பார்க்க வருபவர்களின் மூச்சும் வியர்வையும் உள்ளேயே தங்கிவிடும். 1950களில் கல்லறையைப் பொதுமக்களுக்கு மூடினார்கள்.

1986இல் எகிப்தியத் தொல்பொருள் அமைப்பும் அமெரிக்காவின் கெட்டி பாதுகாப்பு நிறுவனமும் கைகோத்தன. சுவர்ப்பணிக்குத் தலைமை தாங்கியவர்கள் பாவ்லோ மோரா, லாரா மோரா என்ற தம்பதி. அவசர வேலை எதுவென்று நினைக்கிறீர்கள்? கீழே விழப்போகும் சாந்தைப் பிடித்து நிறுத்துவது. முசுக்கட்டை மரப்பட்டையில் செய்த ஜப்பானியக் காகிதத்தை நறுக்கி, காயத்துக்குப் பிளாஸ்திரி போடுவதுபோல 10,000க்கும் மேற்பட்ட கீற்றுகளை ஒட்டினார்கள். பொறுமைக்கு இதைவிட வேறு என்ன உதாரணம் சொல்ல? அப்புறம்தான் உப்பை அகற்றி, சாந்தைப் பாறையோடு மறுபடி சேர்த்து, ஓவியத்தின் அழுக்கை எடுத்தார்கள். 1992 வரை வேலை நடந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் செய்யாமல் விட்ட ஒன்று. உதிர்ந்துபோன இடங்களில் புதிதாக வரைந்து நிரப்பவில்லை. அரசியின் முகம் போன இடத்தில் வெறும் சாந்துதான் இருக்கும். நம் ஆட்களிடம் வேலையைக் கொடுத்திருந்தால் பெயின்ட் டப்பாவோடு வந்திருப்பார்கள், சிரிக்காதீர்கள்!

1995இல் மறுபடி திறந்தபோது நாளைக்கு 150 பேர், ஆளுக்குக் கால் மணி நேரம் என்று வரம்பு வைத்தார்கள். அவ்வளவு தூரம் பயணம் செய்து போனவர்களுக்கு அது கொடுமைதான். ஆனால் உள்ளே போகிற ஒவ்வொருவரும் மூச்சு விடுகிறார்களே.