கௌனாஸ் 1939: ஒரு புள்ளியில் நின்ற பட்டம்

நண்பர்களே, வணக்கம்.

1939 மே மாதம் லிதுவேனியாவின் கௌனாஸ் நகரில் நடந்த ஐரோப்பியக் கூடைப்பந்துச் சாம்பியன்ஷிப்பைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். இந்த வரிசையில் அது மூன்றாவது போட்டி. முதல் போட்டி 1935இல் ஜெனீவாவில் நடந்தது. இறுதியாட்டத்தில் லாட்வியா 24, ஸ்பெயின் 18. இன்று ஒரே கால்பகுதியில் அந்த 24 புள்ளிகளை எடுத்துவிடுகிறார்கள். அப்போது ஒவ்வொரு கூடை விழுந்த பிறகும் பந்தை நடுக்கோட்டுக்குக் கொண்டுபோய் ஜம்ப் பால் போடுவார்கள்; அதாவது நடுவர் பந்தை மேலே வீச, அணிக்கு ஒருவராக இரண்டு பேர் துள்ளித் தட்டவேண்டும். ஆட்டத்தில் பாதி நேரம் நடந்தே போய்விடும்! நெட்டையான ஒருவர் அணியில் இருந்தால், கூடை போட்ட அணிக்கே பந்து திரும்பத் திரும்பக் கிடைக்கும்.

லாட்வியா ஏன் வென்றது? அதன் தலைநகர் ரீகாவில் ஒய்.எம்.சி.ஏ. 1920களிலேயே இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிவிட்டது. அதே ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான் ஹாரி குரோ பக் சென்னைக்கு வந்து, 1920இல் உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். நெய்ஸ்மித் 1891இல் இந்த ஆட்டத்தை உருவாக்கிய, அமெரிக்காவின் அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர் அவர். சரி, விஷயத்துக்கு வருவோம்.

பக்கத்து வீடான லிதுவேனியா அப்போது கத்துக்குட்டி. லாட்வியாவிடம் ஒருமுறை 123க்கு 10 என்று தோற்றிருக்கிறது. அந்த அணி 1937இல் அதே ரீகாவுக்குப் போய், இறுதியாட்டத்தில் இத்தாலியை 24-23 என வென்று கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தது. எப்படி? பஞ்சம் பிழைக்க அமெரிக்காவுக்குப் போன லிதுவேனியர்களின் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். சிகாகோவின் பெலிக்ஸாஸ் கிரியௌசியூனாஸ் ஆடவும் செய்தார், பயிற்சியும் கொடுத்தார். பிரானாஸ் டல்சூனாஸும் அப்படி வந்தவர்தான்.

வென்ற நாடே அடுத்த போட்டியை நடத்தவேண்டும். கௌனாஸில் அதற்குத் தகுந்த அரங்கம் இல்லை. பொறியாளர் அனடோலியஸ் ரோசன்பிளூமாஸ் வரைந்த திட்டப்படி சில மாதங்களில் ஒன்றைக் கட்டி முடித்தார்கள். கூடைப்பந்துக்கென்றே ஐரோப்பாவில் எழுந்த முதல் அரங்கம் அது என்கிறார்கள். அந்த வேகத்துக்குப் பின்னால் இருந்த நிலைமையையும் கவனியுங்கள். தலைநகராக அவர்கள் உரிமை கொண்டாடிய வில்னியுஸ் போலந்தின் கையில் இருந்தது. கௌனாஸ் தற்காலிகத் தலைநகர்தான். 1939 மார்ச்சில் ஹிட்லர் மிரட்டி, அவர்களுடைய ஒரே துறைமுகமான கிளைபேடாவையும் எடுத்துக்கொண்டார். அடுத்த இரண்டு மாதத்தில் இந்தப் போட்டி. ஊரே அரங்கத்துக்குப் போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இப்போது நாயகனுக்கு வருவோம். பிராங்க் லூபின், லிதுவேனியர்களுக்குப் பிரானாஸ் லூபினாஸ். லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர், ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரம். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் ஆடியவர். அந்த இறுதியாட்டம் கொட்டும் மழையில், திறந்தவெளி மண் மைதானத்தில் நடந்தது; கனடாவை 19-8 என்று வென்றார்கள். சேற்றில் பந்தைத் தட்டி எழுப்பவே முடியவில்லை. அந்த ஒலிம்பிக்கின்போதே 190 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தவர்கள் ஆடக்கூடாது என்று ஒரு யோசனை எழுந்து, அமெரிக்கா முறைத்ததும் அடங்கிப்போனது. நெட்டையர்களைக் கண்டால் மற்றவர்களுக்கு அவ்வளவு கிலி.

கௌனாஸில் எட்டு அணிகள். எல்லோரும் எல்லோரோடும் மோதவேண்டும், தனியாக இறுதியாட்டம் கிடையாது. லிதுவேனியாவின் முதல் ஆட்டமே லாட்வியாவோடு. லூபினே ஆட்டக்காரர், லூபினே பயிற்சியாளர். கடைசி நொடிகளில் அவர் போட்ட கூடையில் 37-36. அந்த ஒரு புள்ளி மட்டும் இல்லாமல் போயிருந்தால் இன்று நான் லாட்வியாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன். மற்ற ஆட்டங்களில் அவ்வளவு சுவாரஸ்யமில்லை. பின்லாந்தை 112க்கு 9 என்று அடித்தார்கள். அதை ஆட்டம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஏழுக்கு ஏழும் வென்று லிதுவேனியா பட்டத்தைத் தக்கவைத்தது. லாட்வியா இரண்டாமிடம், போலந்து மூன்றாமிடம்.

லாட்வியர்கள் கொதித்தார்கள். அமெரிக்காவுக்குத் தங்கம் வாங்கிக்கொடுத்த ஆள் மூன்றே ஆண்டில் எப்படி லிதுவேனியர் ஆனார்? என்னைக் கேட்டால் அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. இன்றைய விதிப்படி ஒரு நாட்டுக்கு ஆடியவர் நினைத்தவுடன் இன்னொரு நாட்டுக்கு ஆடிவிட முடியாது. ஆனால் வெறும் நெட்டையரை வாடகைக்குப் பிடித்து வந்ததாக அதைச் சுருக்குவதும் சரியில்லை. லூபினும் கிரியௌசியூனாஸும் உள்ளூர்ப் பையன்களுக்குப் பந்தைப் பிடிப்பதிலிருந்து கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பையன்களில் ஒருவரான லியோனாஸ் பல்ட்ரூனாஸ் போருக்குப் பிறகு ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறி, அங்கேயும் ஆடினார்.

அடுத்த போட்டி 1941இல் நடக்கவேண்டியது. போர் வந்ததால் நடக்கவில்லை. 1940 ஜூனில் சோவியத் படைகள் மூன்று பால்டிக் நாடுகளுக்குள்ளும் நுழைந்துவிட்டன. அப்புறம் 1946இல் ஜெனீவாவில் ஐரோப்பியச் சாம்பியன்ஷிப் மீண்டும் தொடங்கியது. 1947இல் பிராகில் பட்டம் வென்றது சோவியத் யூனியன். அந்த அணியில் ஸ்டெபாஸ் புடௌடாஸ் உட்பட லிதுவேனியர்கள் பலர் ஆடினார்கள். லூபினை அமெரிக்கர் என்று குறை சொன்னவர்கள் இவர்களை எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவார்களோ! லிதுவேனியா தன் பெயரில் அடுத்த பட்டத்தை வென்றது 2003இல், ஸ்டாக்ஹோமில், ஸ்பெயினைத் தோற்கடித்து.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. லூபினை ஆடவிட்டது சரியா என்று சண்டை போட விரும்புகிறவர்கள் மைக்குக்கு வரலாம்.