புதன்கிழமை மணப்பாறை: சந்தையில் காலை உணவு, அடுப்படியில் முறுக்கு

வணக்கம் நண்பர்களே. இன்று உங்களை மணப்பாறைக்கு அழைத்துச் செல்கிறேன். திருச்சியிலிருந்து திண்டுக்கல் செல்லும் ரயில் பாதையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் இந்தச் சிறு நகரத்தின் பெயரைக் கேட்டதுமே நம்மில் பலருக்கு மாடும் முறுக்கும் ஒருசேர நினைவுக்கு வந்துவிடும். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க விரும்பினால் புதன்கிழமை வருவதே சரி. மாட்டுச் சந்தை செவ்வாய்க்கிழமை மாலையிலேயே கூடத் தொடங்கி, மறுநாள் வெயில் ஏற ஏறக் கலைந்துவிடும். அதனால் விடியற்காலையில் புறப்பட்டு, பசியோடு வந்து சேருங்கள்.

நான் இப்போது நிற்பது சந்தைத் திடலின் ஓரத்தில். மாடு வாங்க வந்தவர்களும் விற்க வந்தவர்களும் தரகர்களோடு நின்று விலை பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதோ அந்த இருவரின் கைகளும் ஒரு துண்டுக்குள் மறைந்திருப்பதைக் கவனியுங்கள். விரல்களைப் பிடித்தே தொகையைச் சொல்லும் முறை அது. அருகில் நிற்பவருக்குக்கூட விலை தெரியாது. உழவுக்கு டிராக்டர் வந்த பிறகு காளைகளின் எண்ணிக்கை குறைந்து, கறவை மாடுகளும் ஆடுகளும் கூடுதலாக வரத் தொடங்கியிருந்தாலும், தலைக்கயிறு, மூக்கணாங்கயிறு, சலங்கை விற்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன.

சந்தை இருக்கும் இடத்தில் சாப்பாட்டுக் கடையும் இருக்கும். இரவெல்லாம் மாடுகளோடு விழித்திருந்தவர்களுக்குக் காலையில் வயிறு நிறைய வேண்டும் என்பதால், இங்கே இட்லியோடு வெறும் சட்னி கொடுத்து அனுப்பிவிடுவதில்லை. இலையில் வைத்த இட்லியின் மேல் குடல் குழம்பை ஊற்றித் தருகிறார்கள். மிளகும் சோம்பும் தூக்கலாக அரைத்து, குடலைப் பதமாக வேகவைத்த குழம்பு. எண்ணெய் மேலே மிதக்கவில்லை, காரம் தொண்டையில் நின்றுவிடவும் இல்லை. பரிமாறிய அம்மா, நான் கேட்காமலேயே இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு, "நல்லா சாப்புடுப்பா, வெயில்ல சுத்தணும்ல" என்றார். இந்தக் குழம்பைச் சாப்பிடுவதற்காகவே இவ்வளவு தூரம் வரலாம் என்பது என் கருத்து. இறைச்சி உண்ணாதவர்களுக்கு இட்லியும் சுக்குக் காபியும் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கின்றன.

இனி முறுக்குக்கு வருவோம். கடைவீதியில் பொட்டலமாகத் தொங்குவதை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாமல், அது உருவாகும் இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் இன்றைய பயணத்தின் முதன்மையான நோக்கம். இங்கே முறுக்கு வீட்டுத் தொழில். தெருவுக்குள் நடந்தாலே எண்ணெய் காயும் மணம் வழிகாட்டிவிடும். ஒரு வீட்டின் பின்கட்டில் வேலை செய்துகொண்டிருந்த அக்கா படம் எடுக்க அனுமதி தந்தார். அவருடைய முகத்தைக் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் கைகளை மட்டும் காட்டுகிறேன்.

கேமராவைச் சற்று அருகில் கொண்டுபோகிறேன், பாருங்கள். அரிசி மாவில் சிறிதளவு உளுந்து மாவு, எள், சீரகம், ஓமம், பெருங்காயம், உப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்திருக்கிறார்கள். மாவை அச்சில் அடைத்து, ஒரு சிறு தட்டின் மேல் நடுவிலிருந்து தொடங்கிச் சுற்றுச் சுற்றாகப் பிழிகிறார். பிழியும் கை அழுத்துகிறது, தட்டைப் பிடித்த கை மெல்லத் திருப்புகிறது. எந்தச் சுற்றும் அடுத்ததன் மேல் ஏறுவதில்லை. பிறகு தட்டைச் சாய்த்து எண்ணெயின் விளிம்பில் நழுவவிடுகிறார். பொங்கி எழும் குமிழிகள் சற்றே அடங்கத் தொடங்கும்போது, நாமாக இருந்தால் இன்னும் சிவக்கட்டும் என்று காத்திருப்போம். அவரோ முறுக்கு வெளிறி இருக்கும்போதே அரித்தெடுத்துத் தனியே வைத்துவிடுகிறார். மணப்பாறை முறுக்கின் சிறப்பே இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆறிய முறுக்கு, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் இரண்டாம் முறை இறங்குகிறது.

எதற்காக இரண்டு முறை என்று கேட்டேன். "மொத வேக்காட்டுல உள்ள ஈரம் நிக்கும் தம்பி. ஆற வச்சு மறுபடி போட்டாத்தான் அது போகும், நாள்பட மொறுமொறுன்னு இருக்கும்" என்றார். ஆறும் நேரத்தில் உள்ளே தங்கிய ஈரம் மெல்ல வெளிப்பக்கம் பரவுகிறது. மறு வேக்காட்டில் அது ஆவியாகிப் போய்விடுகிறது. அதனால்தான் இந்த முறுக்கு கடினமாக இல்லாமல் கடித்தவுடன் பொரிந்து உதிர்கிறது.

ஊராரைக் கேட்டால் முதலில் தண்ணீரைத்தான் காரணமாகச் சொல்வார்கள். இங்குள்ள நிலத்தடி நீருக்கு இயல்பாகவே சற்று உப்புச் சுவை உண்டு. அந்த நீரில் பிசைந்தால்தான் இந்த ருசி வரும் என்பது அவர்களுடைய உறுதியான நம்பிக்கை. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் பெருமை முழுவதையும் தண்ணீருக்கே கொடுத்துவிட்டால், அனலுக்கு முன்னால் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும் இந்தப் பெண்களின் கைத்திறன் கணக்கில் வராமல் போய்விடும். எண்ணெயின் சூட்டைக் குமிழியின் ஓசையிலேயே கண்டுகொள்ளும் பழக்கம் கிணற்றிலிருந்து வருவதில்லை.

இந்த முறுக்கை வெளியூர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் ரயிலுக்குப் பெரும் பங்கு உண்டு. நிலையத்தில் நின்ற வண்டிகளின் சன்னல் வழியாக வாங்கிய பயணிகள்தாம் இதன் பெயரைத் தமிழகமெங்கும் பரப்பினார்கள். பெயர் பரவியதும், எங்கோ செய்த முறுக்கின் பொட்டலத்திலும் மணப்பாறை என்று அச்சிடத் தொடங்கிவிட்டார்கள். 2023ஆம் ஆண்டில் மணப்பாறை முறுக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியளித்த செய்தி. இந்த வட்டாரத்தில், இந்த முறைப்படி செய்யப்படுவதற்கே அந்தப் பெயர் உரியது என்பதற்கு அது சட்டப் பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பின் பலன் அச்சைப் பிடித்திருக்கும் கைகள் வரை வந்து சேர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். இயன்றவரை செய்பவர்களிடமே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள்.

மதியச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கடைவீதி உணவகங்களில் வழக்கமான சாப்பாடு கிடைக்கிறது, அவ்வளவுதான். காலையில் சந்தையில் சாப்பிட்டவர்களுக்கு அது பெரிதாகத் தேவையும் படாது.

வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒரு முறுக்கைக் கேட்டு வாங்கி, நடுச்சுற்றை ஒடித்துப் பாருங்கள். வெளியே இருக்கும் நிறமே உள்ளேயும் இருந்து, சட்டென்று முறிந்தால் அது இரண்டு வேக்காடு கண்டது. உள்ளே வெளிறி, பல்லுக்கு அழுத்தமாக இருந்தால் வேறு கடையைப் பாருங்கள். வாங்கியதை முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் போட்டு மூடச் சொல்லுங்கள். சூட்டோடு மூடினால் நீர் கோத்து, ரயில் திருச்சி போய்ச் சேருவதற்குள் நமத்துவிடும்.