மூன்று விரல் மரம் பிடித்து நிறுத்தும் மூன்று டன் மரம்! | நீலகிரியில் மரம் சாய்க்கும் வேலை

(காட்சி: பனிமூட்டம். மரம் அறுக்கும் மெஷினான செயின்சாவின் சத்தம் மட்டும் கேட்கிறது.)

வணக்கம் நண்பர்களே! இந்தக் கற்பூர மரத்தை, அதாவது யூகலிப்டஸைப் பாருங்கள். கோத்தகிரி பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்து ஓரம். இடது பக்கம் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடு. வலது பக்கம் கரண்ட் கம்பி. நடுவில் ஒரு ஜீப் போகிற அளவுக்கு மண் பாதை. மரம் அந்தப் பாதையில்தான் விழ வேண்டும். கொஞ்சம் இடது பக்கம் போனால் ஓடு உடையும், வலது பக்கம் போனால் ஊரே இருட்டு. இதைச் சாய்க்கப் போகிற அண்ணனிடம் இருப்பது ஒரு செயின்சா, ஒரு கோடாலி, இரண்டு ஆப்பு, ஒரு கயிறு. கிரேன் எல்லாம் இந்தச் சரிவில் ஏறாது.

வரலாற்றைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். யூகலிப்டஸ் ஆஸ்திரேலிய மரம். 1840களில் வெள்ளைக்காரர்கள் விறகுக்காக ஊட்டியில் நட்டார்கள். சீகை (வாட்டில்), சில்வர் ஓக், சைப்ரஸ் என்று மற்ற வெளிநாட்டு மரங்களும் வந்தன. சோலையும் புல்வெளியும் சுருங்கின. போதும், வேலைக்கு வருவோம்.

முதலில் எடைக் கணக்கு. அடியில் இரண்டு அடி விட்டம், 20 மீட்டர் நீளத் தண்டு என்று வையுங்கள். பச்சை யூகலிப்டஸ் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய ஒரு டன் வரும். மேலே போகப் போகச் சிறுத்தாலும் தண்டு மட்டும் மூன்று டன். பழைய மாருதி 800 காரை நாலைந்து எண்ணிக்கையில் ஒன்றன் மேல் ஒன்றாக நிற்க வைத்து, அடியில் நீங்கள் அறுக்கும் வாளோடு உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்!

அண்ணன் வந்ததும் மெஷினைத் தொடவே இல்லை. கோடாலியின் காம்பு நுனியை இரண்டு விரலில் பிடித்துத் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மரத்தைப் பார்த்தார். கொத்தனார் தூக்குக்குண்டு பிடிப்பாரே, அதேதான். "தம்பி, உச்சி லைன் வீட்டுப் பக்கம் ஒரு முழம் சாய்ஞ்சிருக்கு" என்றார். எனக்கு நேராகத்தான் தெரிந்தது.

அப்புறம் முதல் வெட்டு. மரம் எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அந்தப் பக்கம் பூசணித் துண்டு மாதிரி ஒரு கீற்று எடுக்கிறார். விட்டத்தில் கால் பங்கு ஆழம். இது மரத்தின் வாய். அடுத்து பின்பக்கம் வந்து, அந்த வாயின் அடிமட்டத்தை விடக் கொஞ்சம் மேலே அறுக்க ஆரம்பிக்கிறார்.

இங்கேதான் நான் வாயைப் பிளந்தேன். முழுசாக அறுப்பதில்லை! முன் வெட்டுக்கும் பின் வெட்டுக்கும் நடுவில் மூன்று விரல் அகலத்துக்கு மரத்தை அப்படியே விட்டுவிடுகிறார். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. அதுதான் கீல். உங்கள் வீட்டுக் கதவு நிலையை விட்டுப் பிய்த்துக்கொண்டு போகாமல் ஒரே பக்கம் திறக்கிறதே, அதே கீல். மரம் அதில்தான் மடங்கி விழும். கீலையும் சேர்த்து அறுத்துவிட்டால் மூன்று டன்னுக்கு எசமான் கிடையாது, இஷ்டப்பட்ட பக்கம் போகும்.

இன்னொரு நுணுக்கம். மரம் லைன் வீட்டுப் பக்கம் சாய்ந்திருக்கிறது இல்லையா? அதனால் எதிர்ப்பக்கம், கரண்ட் கம்பி பக்கம், கீலைக் கொஞ்சம் தடிமனாக விட்டார். அந்தப் பக்கத்து நார் கடைசி வரை பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும், மரம் வீட்டுப் பக்கம் போகாது. ஸ்கேல் கிடையாது, அளவு நாடா கிடையாது. வெட்டுக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார், அவ்வளவுதான். நான் கேமராவை இறக்கிவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் அந்த ஷாட் இல்லை, மன்னியுங்கள்.

இப்போது ஆப்பு. மரம் பின்பக்கம் உட்கார்ந்தால் வாள் நடுவில் மாட்டிக்கொள்ளும். அதனால் வெட்டில் ஆப்பை அடித்து ஏற்றுகிறார். ஆப்பசைத்த குரங்கு கதை நமக்குப் பாட்டி சொன்னது. அந்தக் குரங்கு இந்த அண்ணனிடம் ஒரு வாரம் கைஆளாக இருந்திருந்தால் வால் தப்பியிருக்கும்.

(மரம் அப்படியே நிற்கட்டும். ஒரு நிமிடம் ஒரு கதை.)

இந்தியா முழுக்க மரம் வெட்டுவதை மாற்றிய வழக்கு தொடங்கியது இதே நீலகிரியில், கூடலூரில். அங்கே காட்டு மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து, கேரளத்து நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த உத்தரவு, அங்கீகரித்த செயல் திட்டம் இல்லாமல் நாட்டில் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக் கூடாது என்று நிறுத்தியது. பட்டா நிலத்துக்கும் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உங்கள் தோட்டத்து மரம்தானே என்று கோடாலியைத் தூக்கிவிடாதீர்கள், முதலில் அனுமதி வாங்குங்கள்.

சரி, ஆபத்து. முழு வேகத்தில் செயின் மணிக்கு 70 கிலோமீட்டர் அளவில் ஓடும். வாள் நுனியின் மேல் பகுதி எதிலாவது பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும், கண் சிமிட்ட நேரமிருக்காது. அதை விட மோசம், சாய்ந்த மரத்தைத் தப்பாக அறுத்தால் அது விழுவதற்கு முன்பே தண்டு நெடுக்காகப் பிளந்து பின்பக்கம் உதைக்கும். வெளிநாட்டு மரவெட்டிகள் இதற்குச் சலூன் நாற்காலி என்று பேர் வைத்திருக்கிறார்கள். யூகலிப்டஸுக்கு உள்ளேயே இழுவிசை அதிகம், அறுத்ததும் பிளக்கிற குணம் உண்டு. அதனால்தான் அண்ணன் வேலை தொடங்குமுன் பின்பக்கம் கோணலாக ஓடுவதற்கு ஒரு வழியைச் செடி கொடி வெட்டிச் சுத்தம் செய்து வைத்தார். தலையில் என்ன போட்டிருந்தார்? மஃப்ளர். ஹெல்மெட் வாங்கித் தராத காண்ட்ராக்டர்களே, இந்த வீடியோவைப் பார்த்தால் கொஞ்சம் வெட்கப்படுங்கள்.

வருமானம்? மழை பெய்தால் தோட்ட வேலை நிற்கும். ஆனால் புயல் மழை என்றால் நடுராத்திரியில் போன் வரும். 2019 ஆகஸ்ட்டில் ஊட்டி பக்கம் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது, ரோட்டில் விழுந்த மரங்களை அறுக்க ஆள் போதவில்லை. அடுத்த மாதமே வீட்டில் சும்மா உட்கார வேண்டியும் வரும்.

மரத்துக்கு வருவோம். ஆப்பைக் கடைசியாக மூன்று முறை அடித்தார். அண்ணன் மெஷினை அணைத்துவிட்டு, கையை உயர்த்தி எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். உள்ளே இருந்து நற, நற என்று சத்தம். "உச்சியைப் பாரு தம்பி, அடியைப் பாக்காதே." உச்சி மெதுவாக வானத்தை விட்டு நகர்ந்தது. அண்ணன் கோணல் வழியில் ஏற்கெனவே நாலு எட்டு போயிருந்தார். அப்புறம் தரை அதிர்ந்தது, கற்பூர வாசனை மூக்கில் ஏறியது.

பாதையின் நட்டநடுவே கிடந்தது மரம். ஓடு உடையவில்லை, கம்பி அசையவில்லை. ஒரு கிளை மட்டும் பக்கத்து வரிசையில் ஒரு தேயிலைச் செடியை நசுக்கியிருந்தது. சூப்பர்வைசர் வந்தார், மரத்தைப் பார்க்கவில்லை, வீட்டைப் பார்க்கவில்லை. "என்னப்பா, ஒரு செடி போச்சே?"