டொனெட்ஸ்கைக் கொடுத்துவிட்டால் உக்ரைன் போர் நின்றுவிடுமா? – நேயர் கேள்விக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். கொஞ்சம் நீளமாக எழுதியிருக்கிறார், சுருக்கிப் படிக்கிறேன். "உக்ரைனில் வருடக்கணக்காகச் சண்டை நடக்கிறது, இரண்டு பக்கமும் பெரிதாக நகரக் காணோம். டொனெட்ஸ்க் மாகாணத்தில் உக்ரைன் கையில் மிச்சம் இருக்கிற கொஞ்ச இடத்தைத்தான் ரஷ்யா கேட்கிறது என்கிறார்கள். அதைக் கொடுத்துவிட்டால் எத்தனையோ உயிர் மிஞ்சுமே, ஏன் பிடிவாதம்? பேச்சுவார்த்தையும் நடக்கிறது, குண்டும் விழுகிறது, இது என்ன கணக்கு?"

உயிர் போகிறதே என்ற ஆதங்கத்தில் கேட்கிறார், அதை நான் மதிக்கிறேன். ஆனால் "கொஞ்ச இடம்" என்று சொல்கிறாரே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. முடிந்தால் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.

2025 கடைசியில் டொனெட்ஸ்க் மாகாணத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் உக்ரைன் வசம் இருந்தது. பரப்பளவை மட்டும் பார்த்தால் இதற்காகவா இவ்வளவு சண்டை என்று தோன்றும். அந்த ஐந்தில் ஒரு பங்குக்குள் என்ன இருக்கிறது பாருங்கள். வடக்கே ஸ்லோவியான்ஸ்க், அதை ஒட்டி கிராமடோர்ஸ்க், அப்புறம் துருஷ்கிவ்கா, தெற்கே கொஸ்தியந்தினிவ்கா. ஒரே நெடுஞ்சாலையில் ஐம்பது கிலோமீட்டர் நீளத்துக்கு வரிசையாக ஊர்கள். எல்லாம் பழைய தொழிற்சாலை நகரங்கள், கான்கிரீட் கட்டடங்கள். 2014 ஏப்ரலில் ரஷ்ய ஆதரவு ஆயுதக் குழு முதலில் பிடித்த ஊர்களில் ஸ்லோவியான்ஸ்க் ஒன்று. அந்த ஜூலையிலேயே உக்ரைன் ராணுவம் அதை மீட்டது. மீட்ட நாளிலிருந்து பதினோரு வருடத்துக்கு மேலாக அங்கே பதுங்குகுழி வெட்டுகிறார்கள், டாங்கி தாண்ட முடியாத பள்ளம் தோண்டுகிறார்கள், கண்ணிவெடி புதைக்கிறார்கள். ராணுவ ஆய்வாளர்கள் இதைக் கோட்டை வரிசை என்றே சொல்கிறார்கள்.

இந்த வரிசைக்கு மேற்கே போனால் திறந்த வயல்வெளி. கோதுமை, சூரியகாந்தி, நடுவே வரிசை மரங்கள், அவ்வளவுதான். நீப்பர் ஆறு வரைக்கும் இதுபோல நின்று சண்டை போட இடமில்லை. இன்றைக்குக் கையெழுத்துப் போட்டு இந்த ஊர்களை விட்டு வெளியே வந்தால், நாளைக்கு அந்த வெட்டவெளியில் புதிதாகக் கோடு போட்டு, அதைப் பலப்படுத்தப் பல வருடம் பிடிக்கும். அந்த வருடங்களில் எதிராளி சும்மா இருப்பான் என்று நம்பித்தான் கொடுக்க வேண்டும். வாசல் கதவைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள் என்று சொல்வது போலத்தான் இது. அங்கே இன்னும் மக்கள் குடியிருக்கிறார்கள் என்பதையும் மறந்துவிடாதீர்கள். அவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறுவது, அல்லது ரஷ்ய பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருப்பது.

இன்னொரு கோணத்திலும் யோசியுங்கள். ரஷ்யாவால் அதைச் சண்டையில் எளிதாகப் பிடிக்க முடியுமென்றால் மேசையில் உட்கார்ந்து ஏன் கேட்க வேண்டும்? 2024 பிப்ரவரியில் அவ்திவ்காவைப் பிடித்தார்கள். அங்கிருந்து பொக்ரோவ்ஸ்க் சுமார் நாற்பது கிலோமீட்டர். 2025 டிசம்பர் தொடக்கத்தில்தான் பொக்ரோவ்ஸ்க் எங்கள் கையில் என்று ரஷ்யா அறிவித்தது. அப்போதும் ஊரின் வடக்கு ஓரத்தில் இருக்கிறோம் என்று உக்ரைன் சொன்னது. நாற்பது கிலோமீட்டருக்கு இருபத்தொரு மாதத்துக்கு மேல். கோட்டை வரிசை அதைவிடக் கடினம். சண்டை போட்டு எடுக்க ஆண்டுகளும் ஏராளமான ஆட்களும் வேண்டிய இடத்தை, ஒரு கையெழுத்தில் வாங்கப் பார்க்கிறார்கள். கேட்பவர்களுக்கு அது லாபமான பேரம், சந்தேகமே இல்லை.

ஏன் இவ்வளவு மெதுவாக நகர்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது புரிந்தால்தான் பேச்சுவார்த்தை ஏன் இழுக்கிறது என்பதும் புரியும். பழைய பாடம் என்ன? டாங்கிகளை ஒரே இடத்தில் குவி, ஒரு இடத்தில் உடை, உள்ளே பாய்ந்துவிடு. 2023 ஜூனில் உக்ரைன் இதைத்தான் ஜபோரிஜியாவின் தெற்கே முயற்சி செய்தது. ஜெர்மன் லெபர்ட் டாங்கி, அமெரிக்க பிராட்லி வண்டி எல்லாம் கண்ணிவெடி வயலுக்குள் வரிசையாக மாட்டிக்கொண்டன. ரொபோட்டினே என்ற சின்னக் கிராமத்தைத் தாண்டி அதிக தூரம் போக முடியவில்லை. அதற்குப் பிறகு நிலைமை இன்னும் மாறிவிட்டது. வானத்தில் இருபத்து நான்கு மணி நேரமும் டிரோன் கண்காணிக்கிறது. முன்வரிசையிலிருந்து இரண்டு பக்கமும் பதினைந்து, இருபது கிலோமீட்டர் வரைக்கும் எந்த வண்டி நகர்ந்தாலும் தெரிந்துவிடும், தெரிந்த சில நிமிடத்தில் அடி விழும். ஜாமர் வைத்து ரேடியோ சிக்னலை முடக்கினார்கள். உடனே மெல்லிய கண்ணாடி இழை கம்பியை அவிழ்த்துக்கொண்டே பறக்கிற டிரோன் வந்துவிட்டது. அதில் முடக்குவதற்குச் சிக்னலே கிடையாது.

அதனால் இப்போது தாக்குதல் என்றால் இரண்டு பேர், மூன்று பேர், நடந்தோ மோட்டார் பைக்கிலோ ஊடுருவி ஒரு நிலவறையில் ஒளிந்துகொள்வது. சாப்பாடும் தண்ணீரும்கூட டிரோன் கொண்டுவந்து போடுகிறது. காயம் பட்டவனை வெளியே கொண்டுவர ஆம்புலன்ஸ் வராது, பல நாள் அப்படியே கிடக்க வேண்டும், சில இடங்களில் சக்கரம் வைத்த ரோபோ வண்டி இழுத்து வருகிறது. சாலைகளுக்கு மேலே கம்பம் நட்டு வலை கட்டியிருக்கிறார்கள், டிரோன் சிக்கிக்கொள்ளட்டும் என்று. அந்த வலைகளில் ஐரோப்பிய மீனவர்கள் பயன்படுத்திவிட்டு அனுப்பிய பழைய மீன்வலைகளும் உண்டு. இப்படிப்பட்ட களத்தில் யாராலும் ஒரே பாய்ச்சலில் ஜெயிக்க முடியாது.

அப்படியானால் ரஷ்யாவின் உத்தி என்ன? அரைத்துக்கொண்டே இருப்பது. இடத்தைப் பிடிப்பதைவிட, உக்ரைனில் ஆள் தீர வேண்டும், மக்களுக்கு அலுப்புத் தட்ட வேண்டும், மேற்கு நாடுகளின் பணமும் பொறுமையும் தீர வேண்டும். அதற்காகத்தான் ஒவ்வொரு குளிர்காலத்திலும் மின் நிலையங்களை அடிக்கிறார்கள். உக்ரைனுக்கு ஆள் பற்றாக்குறை உண்மையான பிரச்சினை. 2024 ஏப்ரலில் படையில் கட்டாயமாகச் சேர்க்கும் வயதை 27-லிருந்து 25 ஆகக் குறைத்தார்கள், அப்படியும் போதவில்லை. உக்ரைன் மேல் எனக்கு அனுதாபம் உண்டு என்பதற்காக இதை மறைக்க மாட்டேன்.

உக்ரைனின் உத்தியோ, விலையை ஏற்றிக்கொண்டே போவது. இதில் அதிகம் பேசப்படாத ஒரு வெற்றி கருங்கடலில் நடந்தது. சொல்லிக்கொள்ளும்படி கடற்படையே இல்லாத நாடு, 2022 ஏப்ரலில் ரஷ்யக் கருங்கடல் படையின் தலைமைக் கப்பலான மாஸ்க்வாவை ஏவுகணையால் மூழ்கடித்தது, அப்புறம் வெடிமருந்து ஏற்றிய ஆளில்லாப் படகுகளை அனுப்பி அடித்து அடித்து, ரஷ்யாவின் கருங்கடல் படையில் பெரும்பகுதியை கிரிமியாவின் செவாஸ்தபோலை விட்டு ரஷ்யாவின் நொவொரொசிஸ்க் துறைமுகத்துக்கு ஒதுங்க வைத்துவிட்டது. உக்ரைன் தானியக் கப்பல்களைக் கருங்கடல் வழியாகப் போகவிடும் ஒப்பந்தத்திலிருந்து 2023 ஜூலையில் ரஷ்யா விலகிய பிறகும் உக்ரைனின் ஒடேசா துறைமுகத்திலிருந்து கப்பல் போகிறதென்றால் இதுதான் காரணம். 2022-ல் நம் ஊர்க் கடைகளில் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியது ஞாபகம் இருக்கும், அந்தத் துறைமுகங்கள் அடைபட்டது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2025-ல் ரஷ்ய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளைத் தொலைதூர டிரோன்களால் அடித்ததும் இதே கணக்குதான்.

இப்போது, பேச்சும் நடக்கிறது குண்டும் விழுகிறது என்று கேட்டாரே, அதற்கு வருகிறேன். இது புதிதல்ல. கொரியப் போரைப் பாருங்கள். 1951 ஜூலையில் கேசொங் நகரில் பேச்சுவார்த்தை ஆரம்பித்தது. அப்போதே இரண்டு பக்கமும் ஏறக்குறைய இன்றைக்குக் கோடு இருக்கிற இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்கள். கையெழுத்தானது 1953 ஜூலை 27. நடுவில் இரண்டு வருடம், ஒரு குன்றுக்காக, அடுத்த குன்றுக்காக என்று சாவு விழுந்துகொண்டே இருந்தது. நிலத்தைப் பற்றிய தகராறைவிட, போர்க் கைதிகளை யார் யாரிடம் ஒப்படைப்பது என்பதிலேயே ஒரு வருடத்துக்கு மேல் போனது. 1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்த பிறகுதான் முடிச்சு அவிழ ஆரம்பித்தது.

கையெழுத்தான அந்தக் கோடு எழுபது வருடத்துக்கு மேலாக ஏன் நிற்கிறது? 1953 அக்டோபரிலேயே அமெரிக்காவும் தென்கொரியாவும் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டன. இன்றைக்கும் அங்கே 28,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் இருக்கிறார்கள். மீறினால் என்ன நடக்கும் என்று வடக்குக்குத் தெரியும்.

இதற்கு எதிர்மாறான உதாரணம் உக்ரைனிலேயே இருக்கிறது. கிழக்கு உக்ரைனில் 2014-ல் தொடங்கிய சண்டையை நிறுத்த, 2015 பிப்ரவரி 12-ல் இரண்டாவது மின்ஸ்க் ஒப்பந்தம். 15-ஆம் தேதியிலிருந்து போர்நிறுத்தம் என்று எழுதினார்கள். 18-ஆம் தேதி உக்ரைன் வசம் இருந்த தெபால்த்செவே நகரம் ரஷ்ய ஆதரவுப் படையிடம் விழுந்தது. போர்நிறுத்தம் அமலுக்கு வந்து மூன்றாவது நாள்! கண்காணிக்க வந்தவர்கள் கையில் ஆயுதம் கிடையாது, குறித்துக்கொண்டு போனார்கள், அறிக்கை எழுதினார்கள். ஏழு வருடம் கழித்து, 2022 பிப்ரவரி 24-ல், அதே ரஷ்யா கீவ் நகரத்தை நோக்கி டாங்கிகளை அனுப்பியது. இதை அனுபவித்த ஒரு உக்ரைன்காரரிடம் போய், இன்னொரு காகிதத்தில் கையெழுத்துப் போடு, கூடவே உன் கோட்டையையும் கொடு என்றால் அவர் எப்படி ஒத்துக்கொள்வார்? அவர் நாட்டு அரசியல் சட்டப்படி எல்லையை மாற்ற நாடு தழுவிய பொதுவாக்கெடுப்பு வேண்டும், ஜெலன்ஸ்கி நினைத்தால்கூடத் தனியாகக் கொடுத்துவிட முடியாது.

டொனெட்ஸ்கோடு முடியுமா என்றும் கேட்க வேண்டும். 2022 செப்டம்பர் 30-ல் நான்கு மாகாணங்களைத் தன் நாட்டோடு சேர்த்துவிட்டதாக ரஷ்யா அறிவித்தது: டொனெட்ஸ்க், லுஹான்ஸ்க், ஜபோரிஜியா, கெர்சன். ரஷ்ய அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். ஜபோரிஜியா நகரத்தை ரஷ்யப் படை ஒரு நாள்கூடப் பிடித்ததில்லை. கெர்சன் நகரத்தைப் பிடித்தார்கள், அறிவித்த ஆறே வாரத்தில் விட்டுவிட்டு ஆற்றைக் கடந்து போனார்கள். 2024 ஜூனில் புடின் வைத்த நிபந்தனை, நான்கு மாகாணங்களை விட்டும் உக்ரைன் முழுவதுமாக வெளியேற வேண்டும், நேட்டோவில் சேரக் கூடாது என்பது. பிறகு பேச்சுகளில் டொனெட்ஸ்க் மட்டும் என்று சுருங்கியதாகச் செய்தி வந்தது, ஆனால் சட்டத்தில் எழுதியதை அவர்கள் அழிக்கவில்லை.

ஆகவே என் கருத்து இது, நேராகவே சொல்கிறேன்: எங்கே கோடு போடுவது என்பதைவிட, கோட்டை யார் காப்பது என்பதில்தான் சமாதானம் மாட்டிக்கொண்டிருக்கிறது. பிரான்சும் பிரிட்டனும் முன்னின்று, போர்நிறுத்தம் வந்தால் படை அனுப்பத் தயார் என்று ஒரு நாடுகள் கூட்டணியைச் சேர்த்தார்கள். அப்படி வருகிற வெளிநாட்டுப் படை எங்கள் தாக்குதலுக்கு உரிய இலக்குதான் என்று 2025 செப்டம்பரில் புடின் சொன்னார். திரும்பத் தாக்கும் எண்ணம் இல்லாதவருக்குக் காவல்காரர் வருவதில் என்ன ஆட்சேபம்? பதில் வராத கேள்வி இது.

நம்பிக்கையே இல்லையா என்றால், இருக்கிறது. 2025 மே மாதம் இஸ்தான்புல்லில் நேரடியாகப் பேசி, இரண்டு பக்கமும் ஆயிரம் ஆயிரம் பேரை விடுவித்தார்கள். மொட்டைத் தலையோடு, எலும்பும் தோலுமாகப் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களிடம் பெண்கள் ஓடிப்போய்ப் புகைப்படத்தைக் காட்டி, இவனைப் பார்த்தாயா, எந்தச் சிறையில் பார்த்தாய் என்று கேட்கிற காட்சியை நானும் பார்த்தேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பரிமாற்றம் ஒன்றுதான் இந்தப் போர் முழுவதும் பெரும்பாலும் அறுந்துபோகாமல் வந்திருக்கிறது. பேச ஒரு வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

இனிமேல் செய்தி பார்க்கும்போது எந்த ஊர் விழுந்தது என்பதைவிட இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, ரஷ்யாவின் பணம். 2024 அக்டோபரில் அங்கே மத்திய வங்கி வட்டி 21 சதவீதத்துக்குப் போனது, 2026 ஜனவரியிலிருந்து மதிப்புக்கூட்டு வரியை 20-லிருந்து 22 ஆக்கினார்கள். படையில் சேர்கிறவர்களுக்குக் கொடுக்கிற பெரிய தொகை குறைய ஆரம்பித்தாலோ, மறுபடியும் 2022 போலக் கட்டாயமாக ஆள் எடுத்தாலோ, அரைக்கும் உத்தி தடுமாறுகிறது என்று புரிந்துகொள்ளலாம். இன்னொன்று, உக்ரைனுக்குப் பாதுகாப்பு உத்தரவாதம் தருவதாகச் சொல்கிற நாடுகள் அதைத் தங்கள் நாடாளுமன்றத்தில் வைத்து ஒப்புதல் வாங்குகின்றனவா என்பது. தலைவர்கள் கை குலுக்குகிற போட்டோ எத்தனையோ வந்துவிட்டது, 2025 ஆகஸ்டில் அலாஸ்காவில் டிரம்பும் புடினும் எடுத்துக்கொண்டதையும் சேர்த்து. நாடாளுமன்ற ஒப்புதலும், எத்தனை படைப்பிரிவு, எந்த ஊரில் நிற்கும் என்ற விவரமும் வந்தால் அப்போது போர்நிறுத்தம் பக்கத்தில் வந்துவிட்டது என்று நானே வந்து சொல்கிறேன். அதுவரைக்கும் "அடுத்த வாரம் முடிந்துவிடும்" என்கிற தலைப்புகளை நம்பாதீர்கள்.

சரி, அடுத்த கேள்வி தைவான் பற்றி வந்திருக்கிறது, அதைப் பார்ப்போம்.