வாசல் மேலே உள்ள அறை

நேயர்களுக்கு வணக்கம்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்ட எல்லாருக்கும் இந்த அனுபவம் இருக்கும். மருந்து விழுந்தது கண்ணில். ஆனால் சற்று நேரத்தில் தொண்டையில் கசக்கிறது. அழும்போதும் அப்படித்தான். கண்ணீர் கன்னத்தில் வழிவதோடு நிற்பதில்லை, மூக்கும் ஒழுகுகிறது.

கண்ணாடிக்கு முன்னால் நின்று, கீழ் இமையை மெல்லக் கீழே இழுத்து, மூக்கை ஒட்டிய உள்மூலையைப் பாருங்கள். இமையின் விளிம்பில் சிறிய மேடு ஒன்று, அதன் நடுவில் ஊசிமுனை அளவில் ஒரு துளை தெரியும். மேல் இமையிலும் அதேபோல் ஒன்று உண்டு. கண்ணை நனைத்து முடித்த கண்ணீர் இந்தத் துளைகளில் இறங்கி, கண்ணீர்ப் பைக்குப் போய், அங்கிருந்து எலும்புக்குள் ஓடும் ஒரு குழாய் வழியாக மூக்கின் அடிப்பகுதிக்கு வந்து சேர்கிறது. மருந்தும் அதே வழியில்தான் வருகிறது. இது கசப்போடு முடிகிற விஷயமும் இல்லை. கண் அழுத்த நோய்க்குத் தரும் சில சொட்டு மருந்துகள் மூக்கின் சவ்வு வழியாக ரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பையே மெதுவாக்கக்கூடும். அதனால்தான் மருந்து விட்டதும் கண்ணை மூடி, அந்த உள்மூலையை விரலால் ஓரிரு நிமிடம் அழுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். மருந்து தங்க வேண்டிய இடத்தில் தங்கும்.

நான் நெடுங்காலமாக உடற்கூறியல் கற்பித்து வருகிறேன். மாணவர்களிடம் நான் ஓயாமல் சொல்வது இதுதான்: கண்ணீர்ப் பாதை, முக எலும்புகளுக்குள் காற்று நிரம்பிய அறைகளான சைனஸ்கள், நடுச்செவி எல்லாமே மூக்கிலோ மூக்கின் பின்புறத்திலோ வந்து திறக்கின்றன. அந்த வாசல்கள் திறந்திருக்கும் வரை இவை இருப்பதே நமக்குத் தெரியாது. வாசல் அடைத்தால்தான் தொல்லை.

இந்த வாசல்களில் எனக்கு மிகவும் பிடித்தது கன்னத்து சைனஸின் வாசல். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச அனுமதியுங்கள்.

கண்ணுக்குக் கீழே, கன்னத்தில் விரலை வையுங்கள். அந்த எலும்புக்குப் பின்னால் காற்று நிரம்பிய ஓர் அறை இருக்கிறது. பெரியவர்களுக்கு ஏறத்தாழ 15 மில்லிலிட்டர் கொள்ளும். லியனார்டோ டா வின்சி 1489 வாக்கிலேயே மண்டையோட்டை வெட்டி இதை வரைந்துவிட்டார். ஆனால் 1651-இல் நத்தானியேல் ஹைமோர் என்ற ஆங்கில மருத்துவர் எழுதிய பிறகுதான் மருத்துவ உலகம் இதை நன்றாகக் கவனித்தது. அவர் ஒரு பெண்மணியைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த அம்மாள் மேல்வரிசைப் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டார். பிடுங்கிய குழியிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருந்தது. என்னவென்று பார்க்கலாம் என்று ஒரு வெள்ளி ஊசியை விட்டுப் பார்த்தார். அது கண் வரைக்கும் போனது. அப்புறம் ஒரு பறவை இறகின் தண்டை விட்டார். அது கிட்டத்தட்ட முழுவதும் உள்ளே போய்விட்டது. மூளைக்கே போய்விட்டதோ என்று பயந்துபோய் மருத்துவரிடம் வந்தார். இறகு போனது இந்த அறைக்குள்தான். பல்லின் வேர்கள் இதன் தரைக்கு அவ்வளவு நெருக்கம். கடுமையான சளி பிடித்தவர்கள் குனியும்போது மேல்கடைவாய்ப் பற்கள் எல்லாம் சேர்ந்து வலிப்பதற்கும் இந்த நெருக்கமே காரணம். சொத்தைப் பல்லின் சீழ் மேலே ஏறி ஒரு பக்கத்து சைனஸை மட்டும் கெடுப்பதும் உண்டு. ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, வாசலுக்கு வருவோம். இந்த அறையின் வாசல் தரை மட்டத்தில் இருந்திருந்தால் உள்ளே ஊறும் சளி தானாக வடிந்துவிடும். ஆனால் வாசல் இருப்பது உச்சியில், கண்குழியின் தரைக்குச் சற்றுக் கீழே. தண்ணீர்த் தொட்டியின் வடிகாலை அடியில் வைக்காமல் விளிம்பில் வைத்த மாதிரி. பிறகு எப்படி அறை நிரம்பாமல் இருக்கிறது? உள்சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள். அவை நொடிக்குப் பத்து முறைக்கு மேல் அசைந்து, சளியை நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வீதம் சுவரோடு மேலே ஏற்றி வாசலுக்குக் கொண்டுபோகின்றன. நாம் தூங்கும்போதும் அந்த வேலை நிற்பதில்லை.

அந்தக் காலத்து அறுவை மருத்துவர்கள் வாசல் மேலே இருப்பதைப் பார்த்து, கீழே இன்னொரு வாசல் வைத்தால் நன்றாக வடியுமே என்று நினைத்தார்கள். நியாயமான எண்ணம்தான். மூக்கின் அடியில் எலும்பைத் துளைத்து வழி வைத்தார்கள். அதன் பிறகும் பலருக்குத் தொல்லை தீரவில்லை. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்தில் வால்டர் மெசர்கிளிங்கர் என்ற மருத்துவர் இதைப் பொறுமையாக ஆராய்ந்தார். உயிர் பிரிந்த பிறகும் பல மணி நேரம் இந்த நுண்ணிழைகள் அசைந்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்ட உடல்களில் சளி போகும் பாதையை அவர் கவனித்தார். புதிதாக வைத்த துளையின் ஓரமாகவே சளி வருகிறது, அதைச் சுற்றிக்கொண்டு பழைய வாசலுக்கே ஏறிப் போகிறது! பிறந்த நாள் முதல் எந்தத் திசையில் தள்ளினவோ அந்தத் திசையில்தான் இழைகள் தள்ளுகின்றன. இந்த உண்மை தெரிந்த பிறகுதான், இயற்கையான வாசலைச் சுற்றியுள்ள அடைப்பை மட்டும் நீக்கினால் அறை தன்னைத்தானே குணமாக்கிக்கொள்ளும் என்ற அடிப்படையில், மூக்கு வழியாக உள்நோக்கிக் கருவியை (எண்டோஸ்கோப்) விட்டுப் பார்த்துச் செய்யும் அறுவை முறை 1980-களில் உலகெங்கும் பரவியது. எத்தனை முறை சொன்னாலும் எனக்கு இது அலுப்பதில்லை. உடலின் போக்கைப் புரிந்துகொண்டதால்தான் கத்திக்கு வேலை குறைந்தது.

வாசல் திறந்திருந்தால் போதும் என்றேன் அல்லவா? அதற்காக மூக்கடைப்பு வந்ததும் கடையில் வாங்கிய மூக்குச் சொட்டு மருந்தை வாரக்கணக்கில் விட்டுக்கொள்ளாதீர்கள். வீக்கத்தை உடனே இறக்கும் மருந்துகளைச் சில நாளைக்கு மேல் தொடர்ந்தால், மருந்து விட்டால்தான் மூக்கு திறக்கும் என்ற நிலை வந்துவிடும். இன்னொன்று. ஒரு பக்கம் அடைத்து மறுபக்கம் திறந்திருப்பது பெரும்பாலும் நோயே கிடையாது. மூக்குக்குள் இருக்கும் மடிப்புகள் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாறி மாறி வீங்கி வடிவது இயல்பு. இப்போதே ஒரு நாசியை மூடி மூச்சை இழுத்துப் பாருங்கள், பிறகு மற்றதை. இரண்டும் ஒன்றுபோல் இருக்காது.

அடுத்தது காது. இப்போது எச்சிலை விழுங்குங்கள். காதில் மெல்ல 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டிருக்கும். செவிப்பறைக்குப் பின்னால் உள்ள நடுச்செவியையும் மூக்கின் பின்புறத்தையும் ஒரு குழாய் இணைக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் இதைத் தெளிவாக விளக்கியவர் இத்தாலியின் பார்த்தலோமியோ யூஸ்டாகி, அதனால் யூஸ்டேஷியன் குழாய் என்று பெயர். சாதாரணமாக மூடியே இருக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணத்துத் தசை இழுத்து ஒரு நொடி திறக்கும். விமானம் இறங்கும்போது கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கச் சொல்வது இதற்காகத்தான். குழந்தை விழுங்க விழுங்கக் காதுக்குள் காற்று சமமாகும்.

பெரியவர்களுக்கு இந்தக் குழாய் மூன்றரை சென்டிமீட்டர் நீளம், சரிவாக இறங்கும். குழந்தைகளுக்கோ அதில் ஏறக்குறைய பாதிதான், அதுவும் கிட்டத்தட்டப் படுக்கை வசமாக இருக்கும். மூக்குச் சளி சுலபமாகக் காதுக்குப் போய்விடுகிறது. சளி பிடித்த பிள்ளை இரவில் காதைப் பிடித்துக்கொண்டு அழுதால், வெளியிலிருந்து எண்ணெய் ஊற்றுவதால் பயன் இல்லை. வலி பறைக்குப் பின்னால் இருக்கிறது, வழியோ மூக்கிலிருந்து வந்தது.

நேரம் நெருங்கிவிட்டதாகச் சைகை வருகிறது. கண்குழியைப் பற்றி நிறையப் பேச எண்ணியிருந்தேன். முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஏழு எலும்புகள் சேர்ந்த குழி அது. மண்டையோட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கண்குழியின் உள்சுவர் வழியாக ஒளி ஊடுருவித் தெரியும். காகிதம்போல அவ்வளவு மெல்லிசு. அந்தப் பக்கம் மூக்கோர சைனஸ், தரைக்குக் கீழே கன்னத்து சைனஸ். அதனால் இரண்டு விஷயம். பந்தோ முஷ்டியோ கண்ணில் பலமாகப் பட்டு, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தால் மூக்கைச் சிந்தாதீர்கள். உடைந்த தரை வழியாகக் காற்று கண்குழிக்குள் ஏறிவிடும். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அப்புறம், சளியோடு இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சலுடன் ஒரு கண்ணின் இமை சிவந்து வீங்கினால், சாதாரணக் கண் வலி என்று நாளைக்குத் தள்ளிப்போட வேண்டாம். சைனஸ் சீழ் கண்ணுக்குப் பரவியிருக்கலாம், பார்வைக்கே ஆபத்து. அன்றைக்கே காட்டுங்கள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.