பாட்டியின் செலவு நோட்டும் ஜப்பானின் 2040-உம்

வணக்கம் மக்களே. கேமரா கொஞ்சம் ஆடினால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஸ்டாண்ட் உடைந்துவிட்டது. அரிசி டப்பா மேல்தான் போனை வைத்திருக்கிறேன்.

இது பாட்டியின் செலவு நோட்டு. அம்மா எழுதுவது. 2019 பக்கத்தைப் பாருங்கள்: சுகர், பிரஷர் மாத்திரை, மாதம் 1,900 ரூபாய். போன மாதம் அதே மாத்திரைகள் 2,600. அதற்குக் கீழே ஒரு வரி தெரிகிறதா? 'பார்த்துக்கொள்ளும் அக்கா, 16,000.' பழைய பக்கத்தில் அந்த வரியே கிடையாது. பாட்டிக்குப் புதிதாக எந்த நோயும் வரவில்லை. தனியாகக் குளிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாட்டுக்கே இப்படி நோட்டுப் போட்டால்? 2018 மே மாதம் ஜப்பான் அரசு போட்டது, 2040 வரைக்கும். அங்கே 1971 முதல் 74 வரை குழந்தைகள் ஏகப்பட்டது பிறந்தார்கள். 2040-இல் அந்தக் கூட்டம் மொத்தமும் 65-ஐத் தாண்டியிருக்கும். அதனால்தான் அந்த ஆண்டு.

கணக்குப் போடும் விதம் நம் மளிகைக் கணக்குதான். ஒவ்வொரு வயதிலும் ஆளுக்கு எவ்வளவு ஆகிறது, அந்த வயதில் அப்போது எத்தனை பேர் இருப்பார்கள், பெருக்கு. தலை எண்ணிக்கையில் பெரிதாகத் தப்பு வராது. 2040-இல் 65 ஆகிறவருக்கு 2018-லேயே 43 வயது. உதைப்பது விலைதான். ஒப்டிவோ என்று ஒரு புற்றுநோய் மருந்து 2014-இல் அங்கே அனுமதி பெற்றது. முதலில் கொஞ்சம் பேருக்குத்தான். பிறகு நுரையீரல் புற்றுநோய்க்கும் கொடுக்கலாம் என்றானதும் பட்ஜெட் அலறியது. 2017 பிப்ரவரியில் விலையைச் சரிபாதியாக வெட்டினார்கள். இதை எந்தச் சூத்திரத்தில் முன்கூட்டியே போடுவீர்கள்?

சரி, விடை என்ன வந்தது? மருத்துவம் 39 லட்சம் கோடி யென்னிலிருந்து 67, 68 லட்சம் கோடிக்குப் போகும். முதியோர் பராமரிப்பு 10.7-இலிருந்து 25.8 லட்சம் கோடி. யென்னில் சொன்னால் தலை சுற்றும், தலைப்புச் செய்திக்கு நன்றாக இருக்கும். ஆனால் 22 வருடத்தில் சம்பளமும் விலையும் ஏறுமே! அதனால் ஜிடிபியில் எவ்வளவு என்று பார்ப்பதுதான் நியாயம். மருத்துவம் 7 சதவீதத்திலிருந்து 9-ஐ ஒட்டி வருகிறது. பராமரிப்பு 1.9-இலிருந்து 3.3, கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு. நோட்டில் அம்மா எழுதிய அதே வரிதான்!

என்னை உலுக்கியது பண எண்ணிக்கை இல்லை. அதே கணிப்பில் ஆள் கணக்கும் இருக்கிறது. 2018-இல் மருத்துவம், பராமரிப்பு வேலையில் இருந்தவர்கள் 823 லட்சம்... இல்லை இல்லை, மன்னிக்கவும், 82.3 லட்சம் பேர். 2040-இல் 106.5 லட்சம் பேர் வேண்டுமாம். வேலை செய்கிறவர்களில் எட்டில் ஒருவராக இருந்தது கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவராகிறது, அதுவும் உழைக்கும் வயதினர் குறைந்துகொண்டே போகும் நாட்டில். பணத்துக்கு வரியைக் கூட்டலாம், கடன் வாங்கலாம். குளிக்க வைக்கும் கையை எங்கே போய் வாங்குவது?

குக்கர் விசில் கேட்கிறதா? பாட்டிக்குக் கஞ்சி. அப்புறம், நாளைக்கு அக்கா லீவு, அவர்கள் ஊரில் கோவில் கொடை. அதனால் நாளைக்கு வீடியோ கிடையாது.